மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு: முதல் ராத்திரியிலிருந்து மூணாவது மாசம் வரை

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு நாம பேசப் போறது இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு வர்ற நாட்களைப் பத்தி. எந்தக் கம்பெனி மூட்டு நல்லது, ரோபோ வேணுமா வேண்டாமான்னு சொல்றதுக்கு விளம்பரங்களே நிறைய இருக்கு. ஸ்ட்ரெச்சர் தியேட்டரை விட்டு வெளியில வந்ததுக்கு அப்புறம் யார் என்ன செய்யணும்னு சொல்றதுக்குத்தான் ஆள் குறைவு. அதனால இந்த எபிசோடு முழுக்க நர்சிங் கவனிப்பு, பிசியோதெரபி, வீட்டுல செய்ய வேண்டியது, இவ்வளவுதான்.

நம்ம ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இதைத் தனியா பேசறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இங்கிருந்து பல பேர் இந்த ஆபரேஷனுக்கு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போறாங்க. ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 85 கிலோமீட்டர். ஆபரேஷன் அங்க, மூணு நாலு நாள் கழிச்சு வீடு இங்க. ராத்திரி பத்து மணிக்குக் காயத்துல ஈரம் தெரிஞ்சா, ஆபரேஷன் பண்ண டாக்டர் பக்கத்துத் தெருவுல இல்ல. அந்த நேரத்துல முடிவு எடுக்க வேண்டியது மகளோ மருமகளோதான். அவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்ங்கறதுதான் இன்னைக்கு விஷயம்.

"சீக்கிரம் தேறுறது"ன்னா என்ன?

கொஞ்சம் வரலாறு. இன்னைக்கு உலகம் முழுக்க நடக்குற இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு அடித்தளம் போட்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் சார்ன்லி. 1962-ல ரைட்டிங்டன் மருத்துவமனையில, உலோகப் பந்தும் கெட்டியான பாலிஎத்திலீன் கிண்ணமும் வச்சு அவர் செஞ்ச மூட்டுதான் நிலைச்சு நின்னது. அந்தக் காலத்துல ஆபரேஷன் முடிஞ்சா வாரக்கணக்குல படுக்கை. பெரிய ஆபரேஷன், அதனால பெரிய ஓய்வுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க.

1990-கள்ல டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்றிக் கேலட்ங்கற அறுவை சிகிச்சை நிபுணர் வேற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்ச ஒருத்தர் இன்னும் ஏன் ஆஸ்பத்திரியில இருக்கார்? வலியா, வாந்தியா, தலைசுத்தலா, ரத்தக்குறைவா, இல்ல படுத்தே இருந்ததால வந்த பலவீனமா? ஒவ்வொண்ணையும் தனித்தனியா சரி பண்ணினா என்ன ஆகும்? முதல்ல குடல் ஆபரேஷன்ல செஞ்சு பார்த்தார். பிறகு மூட்டு ஆபரேஷனுக்கும் அந்த முறை வந்துச்சு. டென்மார்க்குல 2000-ம் ஆண்டு வாக்குல 10 நாளுக்கு மேல இருந்த ஆஸ்பத்திரி வாசம், 2009 வாக்குல ஏறக்குறைய 4 நாளா குறைஞ்சது. இன்னைக்கு நம்ம ஊர் ஆஸ்பத்திரி போர்டுகள்ல "ஃபாஸ்ட் டிராக்", "விரைவு மீட்பு"ன்னு பார்க்கிறது எல்லாம் இதோட வாரிசுதான்.

இதுல ஒண்ணைக் கவனிக்கணும். அங்க நாட்களைக் குறைக்கறது முதல் நோக்கம் இல்ல. வலி, வாந்தி, பலவீனம் குறைஞ்சுது, அதனால நாட்கள் தானா குறைஞ்சுது. இந்த வேலை எதுவும் செய்யாம மூணாவது நாள் டிஸ்சார்ஜ் மட்டும் பண்ணினா, அதுக்குப் பேர் விரைவு மீட்பு இல்ல. ஆஸ்பத்திரி வேலையை வீட்டுத் தலையில இறக்கி வைக்கறதுதான்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரங்கள்

தேறுறது ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. தேதி குறிச்ச உடனே நாலு விஷயம் பார்க்கணும்.

முதல் விஷயம் சர்க்கரை. அன்னைக்குக் காலையில பார்க்கிற சர்க்கரை மட்டும் போதாது. மூணு மாச சராசரியைக் காட்டுற ஹெச்பிஏ1சி பரிசோதனை வேணும். அது ரொம்ப அதிகமா இருந்தா காயம் ஆறாது, சீழ் பிடிக்கிற வாய்ப்பும் கூடும். "ரெண்டு மாசம் தள்ளி வைப்போம்"னு டாக்டர் சொன்னா கோபப்படாதீங்க, அது உங்களுக்காகச் சொல்றது. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்துகிட்டு பால்கோவாவை ஒதுக்கறது கஷ்டம்தான். அந்த ரெண்டு மாசம் ஒதுக்கித்தான் ஆகணும்.

ரெண்டாவது ரத்தம். நம்ம பக்கத்துப் பெண்கள்ல ரத்தசோகை சாதாரணம். ஹீமோகுளோபின் குறைவா இருந்தா, ஆபரேஷனுக்குப் பிறகு தலைசுத்தல் வரும், எழுந்து நிக்க முடியாது, ரத்தம் ஏத்த வேண்டியும் வரலாம். முன்கூட்டியே இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ குடுத்து சரி பண்ணலாம்.

மூணாவது உடம்புல எங்கயாவது சீழ், புண் இருக்கான்னு பார்க்கறது. சொத்தைப்பல், சிறுநீர்க் கடுப்பு, குதிகால் பித்தவெடிப்பு, கால்விரல் இடுக்கு சேத்துப்புண். சின்னதாத் தெரியும். அங்கிருந்து கிருமி ரத்தம் வழியா புது மூட்டுக்குப் போகலாம். பீடி, சிகரெட், புகையிலைக்கும் இதே கணக்குதான். ஆபரேஷனுக்கு குறைஞ்சது நாலு வாரம் முன்னாடி நிறுத்தினா காயம் நல்லா ஆறும்.

நாலாவது மருந்துப் பட்டியல். ரத்தம் இளக்கும் மாத்திரை, வாத நோய் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதையும் மறைக்காதீங்க. எதை எப்ப நிறுத்தணும்னு டாக்டர் சொல்லணும், நாமா நிறுத்தக்கூடாது.

இன்னொண்ணு. வாக்கர் பிடிச்சு நடக்கிற விதத்தையும், தொடைத் தசைப் பயிற்சியையும் ஆபரேஷனுக்கு முன்னாடியே கத்துக்கிட்டா நல்லது. வலியில இருக்கும்போது புதுசா ஒண்ணைக் கத்துக்கறது யாருக்கும் கஷ்டம். அதே மாதிரி, ஆபரேஷன் பண்ற இடத்துல இருக்கிற முடியை வீட்டுல பிளேடு போட்டு வழிக்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அதுவே கிருமிக்கு வாசலாகும்.

முதல் 24 மணி நேரம்: நர்ஸ் என்ன பார்க்கிறாங்க?

வார்டுக்கு வந்ததும் நர்ஸ் திரும்பத் திரும்ப வந்து பார்ப்பாங்க. தூங்க விட மாட்டேங்குறாங்களேன்னு சொந்தக்காரங்க சலிச்சுக்குவாங்க. ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு.

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு, ஆக்சிஜன் அளவு பார்க்கறது ரத்தக்கசிவையும் மயக்க மருந்தோட விளைவையும் கண்டுபிடிக்க. பாதத்தைத் தொட்டு "சூடா இருக்கா, விரலை ஆட்டுங்க, தொடுறது தெரியுதா"ன்னு கேட்கறது ரத்த ஓட்டமும் நரம்பும் சரியா இருக்கான்னு பார்க்க. சிறுநீர் போனாரான்னு கேட்கறதும் முக்கியம். முதுகுல ஊசி போட்டவங்களுக்கு, அதுலயும் வயசான ஆண்களுக்கு, சிறுநீர் அடைச்சுக்கலாம்.

வலியை 0 முதல் 10 வரைக்கும் எண்ணாச் சொல்லச் சொல்வாங்க. நம்ம ஆட்கள், குறிப்பா அம்மாமாருங்க, "பரவாயில்லம்மா, தாங்கிக்கிறேன்"னு சொல்லிடுவாங்க. இங்க தாங்கிக்கறது நல்ல குணம் இல்ல. வலி அதிகமானா காலை அசைக்க மாட்டாங்க, ஆழமா மூச்சு இழுக்க மாட்டாங்க, தூங்கவும் மாட்டாங்க. அதனால வலி ஏறின பிறகு ஒரு பெரிய ஊசி போடறதை விட, நேரத்துக்கு நேரம் வெவ்வேறு வகை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கறதுதான் இப்ப வழக்கம். பாரசிட்டமால், சிறுநீரகம் நல்லா இருந்தா வீக்கம் குறைக்கும் மாத்திரை, நரம்பைச் சுத்தி மரத்துப்போகும் ஊசி, ஐஸ் ஒத்தடம் எல்லாம் சேர்ந்து வேலை செய்யும். மார்ஃபின் வகை மருந்து குறைஞ்சா வாந்தி, மலச்சிக்கல், மயக்கம் எல்லாமே குறையும்.

பல ஆஸ்பத்திரிகள்ல அன்னைக்கு சாயங்காலமே, இல்லைன்னா மறுநாள் காலையில எழுப்பி நிறுத்துவாங்க. "இப்பத்தானே அறுத்தாங்க, அதுக்குள்ள நடக்கணுமா"ன்னு பயப்படாதீங்க. புது மூட்டு முதல் நாளே எடையைத் தாங்கும்படிதான் பொதுவா பொருத்தப்படுது. டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா மட்டும் விதிவிலக்கு. படுத்தே இருந்தா காலுக்குள்ள ரத்தம் உறையலாம், நுரையீரல்ல சளி கட்டலாம், முதுகுலயும் குதிகால்லயும் படுக்கைப்புண் வரலாம். ஆனா முதல் தடவை நர்ஸோ பிசியோதெரபிஸ்ட்டோ பக்கத்துல இல்லாம எழுப்பாதீங்க. மரத்துப்போகும் ஊசி போட்ட கால் சட்டுன்னு மடங்கும். ஆளே கீழே சரிஞ்சிடுவார்.

ராத்திரியில வயசானவங்க திடீர்னு குழம்பிப் பேசலாம். ஊரை மறந்து, இறந்துபோனவங்களைக் கூப்பிடலாம், ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கலாம். இதுக்குப் பேய் பிடிச்சதுன்னு அர்த்தம் இல்ல, புத்தி போயிடுச்சுன்னும் அர்த்தம் இல்ல. வலி, தூக்கமின்மை, சிறுநீர் அடைப்பு, உப்புச்சத்துக் குறைவு, மருந்து எதுவா வேணா இருக்கலாம். நர்ஸ்கிட்ட உடனே சொல்லுங்க. மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் கையில குடுங்க. பழகின முகம் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்.

முழங்காலுக்கு அடியில தலகாணி வைக்காதீங்க

பாசத்துல நடக்கிற பெரிய தப்பு இது. முழங்கால் ஆபரேஷன் ஆனவங்களுக்குக் காலை லேசா மடக்கி, அடியில தலகாணி வச்சா சுகமா இருக்கும். கூட இருக்கிறவங்களும் வச்சுக் குடுத்துடுவாங்க. ஆனா அப்படியே நாள்கணக்குல படுத்தா மூட்டு மடங்கின நிலையிலயே இறுகிடும். அப்புறம் கால் முழுசா நீளாது, கடைசி வரைக்கும் தாங்கித் தாங்கி நடக்க வேண்டியதுதான். தலகாணி வைக்கணும்னா கணுக்காலுக்கு அடியில வைங்க. முழங்கால் தன் எடையாலயே கீழ இறங்கி நேராகும். கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும். ஆனா அந்த நிலைதான் வேணும்.

பயிற்சிகள் நாலு போதும். கணுக்காலை மேலயும் கீழயும் ஆட்டறது. இது ரத்தம் உறையாம இருக்க, விழிச்சிருக்கிற நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை பத்து பதினஞ்சு முறை. தொடையை இறுக்கி முழங்காலைப் படுக்கையோட அழுத்திப் பிடிக்கறது. குதிகாலைப் படுக்கை மேல இழுத்து மடக்கறது. காலை நேரா வச்சு ஒரு சாண் தூக்கறது. ரெண்டு வாரத்துக்குள்ள முழங்கால் ஏறக்குறைய 90 டிகிரி மடங்கணும், அதாவது நாற்காலியில உட்காரும்போது இருக்கிற மடிப்பு. நீட்டும்போது நேராகணும். மடக்கறதைப் பத்தியே எல்லாரும் பேசுவாங்க. நல்லா நடக்கறதுக்கு நீட்டறது அதே அளவுக்கு முக்கியம்.

இடுப்பு மூட்டுக்கு விதிகள் வேற. மூட்டு நழுவாம இருக்கறதுதான் அங்க கவலை. பின்பக்க வழியா ஆபரேஷன் பண்ணியிருந்தா பொதுவா மூணு தடை சொல்வாங்க: இடுப்பை 90 டிகிரிக்கு மேல மடக்கக்கூடாது, கால் மேல கால் போடக்கூடாது, பாதத்தை உள்பக்கமாத் திருப்பக்கூடாது. தாழ்வான கட்டில், பிளாஸ்டிக் முக்காலி, குனிஞ்சு செருப்பு மாட்டறது எல்லாம் இதுல அடங்கும். புரண்டு படுக்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல தலகாணி. எத்தனை வாரம்ங்கறது ஆபரேஷன் பண்ண விதத்தைப் பொறுத்தது, டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க. திடீர்னு தாங்க முடியாத வலி வந்து, கால் குட்டையாகித் திரும்பிக் கிடந்தா மூட்டு நழுவியிருக்கலாம். யாரும் இழுத்து உட்கார வைக்க முயற்சி பண்ணாதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க.

வீடு திரும்பற நாள்

டிஸ்சார்ஜ் சொல்லிட்டாங்கன்னு உடனே பையைக் கட்டாதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி நோயாளியால இவ்வளவும் முடியுதான்னு பாருங்க: கட்டில்ல இருந்து தானா எழுந்து உட்காரணும். வாக்கரோட கழிப்பறை வரைக்கும் போய் வரணும். மாத்திரையிலயே வலி கட்டுக்குள்ள இருக்கணும். வீட்டுல படி இருந்தா ஆஸ்பத்திரிப் படியில ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்த்திருக்கணும். படிக்கு ஒரு சுலபமான விதி: ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல.

கூட இருக்கிறவங்க நர்ஸ்கிட்ட அஞ்சு கேள்வி கேட்டு எழுதிக்கணும். எந்த மாத்திரை எத்தனை நாள்? ரத்தம் உறையாம இருக்கிற ஊசியோ மாத்திரையோ என்னைக்கு வரைக்கும்? கட்டை யார், எப்ப பிரிக்கணும்? தையல் அல்லது பின் எடுக்கறது என்னைக்கு? ராத்திரியில பிரச்சினைன்னா எந்த நம்பருக்குக் கூப்பிடணும்? வயிற்றுல போடற ஊசியா இருந்தா, நர்ஸ் முன்னாடியே ஒரு தடவை நீங்களே போட்டுப் பழகிக்கங்க. வலி நின்னதும் நிறைய பேர் நிறுத்தறது இந்த ரத்தம் உறையாம இருக்கிற மருந்தைத்தான். வலிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இடுப்பு மூட்டுக்குப் பொதுவா ஒரு மாசத்தை ஒட்டிக் குடுப்பாங்க, சொன்ன நாள் வரைக்கும் போடணும்.

உள்ளே வச்ச மூட்டோட ஸ்டிக்கர் ஒட்டின பக்கத்தையும் பத்திரமா வாங்கி வைங்க. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் இம்ப்ளாண்டுகளுக்கு உச்சவரம்பு விலை வச்சது. அதிகம் பயன்படுற கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போ ஜிஎஸ்டி நீங்கலா 54,720 ரூபாய். பில்லைச் சரிபார்க்க மட்டும் இல்ல, பிற்காலத்துல எந்த டாக்டரும் எந்த மூட்டு உள்ளே இருக்குன்னு தெரிஞ்சுக்கவும் அந்த ஸ்டிக்கர் வேணும்.

மதுரையிலிருந்து வர்ற வழியில, கார் முன்சீட்டைப் பின்னால தள்ளி, சாய்ச்சு உட்கார வைங்க. ஷேர் ஆட்டோ, மினி பஸ் வேண்டாம். இடுப்பு ஆபரேஷன்னா சீட் உயரமா இருக்க கெட்டியான மெத்தை ஒண்ணு போடுங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி நாலு எட்டு நடக்க வைங்க. மத்த நேரம் கணுக்காலை ஆட்டிக்கிட்டே வரட்டும்.

வீட்டுல மாத்த வேண்டியது

பெரிய செலவு எதுவும் இல்ல. கால்மிதியைச் சுருட்டி எடுத்து வைங்க. டிவி வயரை ஓரமா ஒதுக்குங்க. கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பாத்ரூம் தரை காஞ்சிருக்கணும். சுவத்துல ஒரு கைப்பிடி போடுங்க. இந்தியன் கழிப்பறை மட்டும் இருந்தா கமோடு நாற்காலி வாங்கிப் போடலாம். கை நாற்காலி ஒண்ணு, உட்கார்ந்தா முழங்கால் இடுப்பை விடக் கீழ இருக்கிற உயரத்துல வேணும். சேலையோ வேட்டியோ தரையில புரளாம கணுக்காலுக்கு மேல இருக்கட்டும். நைட்டி கட்டுறவங்களுக்கும் அதே அளவுதான். வாக்கர் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு இருக்கணும். எழுந்திருக்கும்போது வாக்கரைப் பிடிச்சு இழுக்கக்கூடாது, அது சாய்ஞ்சிடும். நாற்காலிக் கையை அழுத்தி எழுந்து, அப்புறம் வாக்கரைப் பிடிக்கணும்.

ராஜபாளையம் நாய் வளர்க்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. எஜமானரை நாலு நாள் கழிச்சுப் பார்க்கிற நாய் பாய்ஞ்சுதான் வரும். முதல் சில வாரம் அதைக் கட்டியே வைங்க. கயித்தைப் பிடிச்சு நடக்கப் போறது மூணு மாசத்துக்கு அப்புறம் யோசிக்கலாம்.

காயம்: தொடாம இருக்கறதுதான் வைத்தியம்

ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போன ஊர். அந்தத் தறிகள்ல வேலை பார்க்கிறவங்களுக்கு காஸ் துணியைப் பத்தி யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. ஆனா துணி கையில இருக்குங்கறதுக்காகத் தினமும் கட்டைப் பிரிச்சுப் பார்க்கக்கூடாது. ஆஸ்பத்திரியில போட்ட கட்டு நனையாம, ரத்தம் ஊறாம இருந்தா, சொன்ன நாள் வரைக்கும் அப்படியே விடுங்க. பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் கிருமிக்குக் கதவைத் திறக்கிறோம். பிரிக்க வேண்டியிருந்தா அருகில இருக்கிற ஆஸ்பத்திரியில நர்ஸ் கையால நடக்கட்டும். தையலோ பின்னோ பொதுவா 10 முதல் 14 நாளுக்குள்ள எடுப்பாங்க.

மஞ்சள், வேப்பெண்ணெய், பச்சிலை, தேங்காய் எண்ணெய் எதுவும் காயத்து மேல வேண்டாம். வீக்கம் இருக்குன்னு நீவி விடறவங்களைக் கூப்பிடாதீங்க. காலுக்குள்ள ரத்தக்கட்டி இருந்து, அதை நீவினா அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அது உயிருக்கே ஆபத்து.

ஐஸ் வைக்கலாம். துணியில சுத்தி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிஷம். நேரா தோல் மேல வைக்காதீங்க. முழங்கால் லேசான சூடும் வீக்கமும் சில மாசம் வரைக்கும் இருக்கும், சாயங்காலம் கூடும். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்த மாதிரி இருக்கும். நடக்கும்போது டக் டக்னு சத்தம் வரலாம். இதெல்லாம் இயல்பு.

எப்பக் காத்திருக்கக்கூடாது?

இந்தப் பகுதியை எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைக்கலாம்.

திடீர்னு மூச்சு வாங்கறது, நெஞ்சுவலி, இருமும்போது ரத்தம், மயக்கம்: உடனே 108. ரத்தக்கட்டி நுரையீரலை அடைச்சிருக்கலாம். விடியட்டும்னு பார்க்கக்கூடாது.

ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலிச்சு, அழுத்தினா நோகறது: அன்னைக்கே டாக்டரைப் பார்க்கணும்.

காயத்துல ஈரம் நிக்காம கசியறது, சீழ், நாத்தம், சிவப்பு பரவறது, குளிரோட காய்ச்சல், குறைஞ்சுகிட்டு வந்த வலி மறுபடி ஏறறது: ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்கே அன்னைக்கே தகவல் சொல்லணும். மெடிக்கல் கடையில ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீங்க. அது சீழை ஒழிக்காது. எந்தக் கிருமின்னு கண்டுபிடிக்கிற பரிசோதனையை மட்டும் கெடுத்துடும். ஆரம்பத்துலயே சுத்தம் பண்ணினா மூட்டைக் காப்பாத்த வாய்ப்பு அதிகம். வாரக்கணக்குல தள்ளிப் போட்டா மூட்டையே கழட்ட வேண்டியிருக்கும். சில நாள் தயக்கத்துல தீர்மானமாகிற விஷயம் இது.

கீழே விழுந்துட்டா, வலி இல்லைன்னாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கறது நல்லது.

சாப்பாடும் பத்தியமும்

"முட்டை சாப்பிட்டா சீழ் வைக்கும், கத்தரிக்காய் அரிக்கும், மீன் கூடாது, தயிர் குளிர்ச்சி." இப்படி ஒவ்வொண்ணா விலக்கி, கடைசியில ரசம் சோறு மட்டும் மிஞ்சும். காயம் ஆறுறதுக்குப் புரதம் வேணும், தசை திரும்பவும் புரதம் வேணும். முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், மொச்சை, பால், தயிர் எல்லாம் சாப்பிடலாம். உடம்புக்கு ஒத்துக்காததுன்னு ஏற்கெனவே தெரிஞ்சது மட்டும் வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க புரத அளவை டாக்டர்கிட்ட கேட்கணும். கீரை, பழம், போதுமான தண்ணி இருந்தா மலச்சிக்கல் குறையும். பாத்ரூம் போகணுமேன்னு பயந்து தண்ணியைக் குறைக்கிறவங்க நிறைய. அது தலைசுத்தலுக்கும் மலச்சிக்கலுக்கும்தான் வழி.

பிசியோதெரபிக்கு யார் வருவாங்க?

ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் பயிற்சி நின்னு போறதுதான் நம்ம பக்கத்துல பெரிய ஓட்டை. வாரம் மூணு தடவை மதுரைக்குப் போக முடியாது. இங்க ஒரு வழி இருக்கு. தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல, சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும் இல்ல, தேவைப்படுறவங்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை குடுக்கறதும் உண்டு. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ கிராம சுகாதார செவிலியர்கிட்டயோ டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிக் கேளுங்க. ஆபரேஷனுக்கு முந்தியே கேட்டு வச்சுக்கறது இன்னும் நல்லது. விருதுநகர்ல அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில திறக்கப்பட்டிருக்கு. ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் அரசு மருத்துவமனைகள் இருக்கு. ஆபரேஷன் எங்க நடந்தாலும், கட்டுப் பிரிக்கவும் பிசியோதெரபிக்கும் பக்கத்துல எங்க போகலாம்னு முன்கூட்டியே ஒரு இடம் பேசி வைங்க.

அடிக்கடி வர்ற கேள்விகள்

*எப்ப வாக்கரை விடலாம்?* பொதுவா ரெண்டு மூணு வாரத்துல வாக்கர்ல இருந்து கைத்தடிக்கு, ஆறு வாரம் வாக்குல தடி இல்லாம. நொண்டாம நடக்க முடிஞ்சாத்தான் தடியை விடணும். தடியை நல்ல கால் பக்கத்துக் கையில பிடிக்கணும், நிறைய பேர் மாத்திப் பிடிக்கிறாங்க.

*மில் வேலைக்கு எப்பப் போகலாம்?* உட்கார்ந்து பார்க்கிற வேலைன்னா ஆறு வாரத்தை ஒட்டி. ஷிப்ட் முழுக்க நிக்கிற வேலைன்னா மூணு மாசம் ஆகலாம். டூவீலருக்கு அவசரம் வேண்டாம், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

*சம்மணம் போட்டு உட்காரலாமா?* சில பேருக்கு முடியும். தினமும் தரையில உட்கார்ந்து எழுந்திரிக்கிறதைப் பொதுவா தவிர்க்கச் சொல்றாங்க. கோலம் போடறது, அரிவாள்மனையில காய் நறுக்கறது எல்லாம் நின்னுகிட்டோ நாற்காலியில உட்கார்ந்தோ செய்யற வேலையா மாறணும்.

*சதுரகிரி ஏறலாமா?* இதை நிறைய பேர் ஆசையாக் கேட்பாங்க. ஆண்டாள் கோயில் வரைக்கும் நடந்து போய் வர்றது ஆறு வாரத்துக்கு அப்புறம் நல்ல பயிற்சி. ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்துக்குள்ள மட்டும் போகாதீங்க. திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் கோயில் படிகளைக் கைப்பிடியோட மெதுவா ஏறலாமான்னு சில மாசம் கழிச்சு கேட்டுப் பார்க்கலாம். சதுரகிரி வேற. தாணிப்பாறையிலிருந்து பாறையும் ஓடையுமா இருக்கிற பாதை அது. வழுக்கி விழுந்தா மூட்டைச் சுத்தி எலும்பு உடையலாம், அதைச் சரி பண்றது முதல் ஆபரேஷனை விடக் கஷ்டம். டாக்டர் வேண்டாம்னா வேண்டாம்தான்.

*எத்தனை வருஷம் உழைக்கும்?* பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2019-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. முழு முழங்கால் மாற்றுல 100-க்கு ஏறக்குறைய 82-ம், இடுப்புல 100-க்கு ஏறக்குறைய 58-ம் 25 வருஷம் தாங்கினதா அது சொல்லுது. எடையைக் கட்டுப்பாட்டுல வைக்கறதும், பல்லுலயோ சிறுநீர்லயோ பாதத்துலயோ புண், சீழ் வந்தா உடனே பார்க்கறதும் உங்க கையில இருக்கு.

கவனிச்சுக்கிறவங்களுக்கு

கடைசியா ஒண்ணு. இந்த எபிசோடுல சொன்ன வேலைகளை எண்ணிப் பாருங்க. மாத்திரை, ஊசி, ஐஸ், பயிற்சி, குளியல், ராத்திரி எழுப்பி பாத்ரூம் கூட்டிட்டுப் போறது. பெரும்பாலான வீடுகள்ல இது அத்தனையும் ஒரே ஒரு பெண் மேல விழுது. அவங்களுக்கும் வேலை இருக்கும், பிள்ளைகள் இருப்பாங்க. ஆபரேஷன் தேதியைக் குறிக்கும்போதே, முதல் ரெண்டு வாரம் ராத்திரி யார், பகல் யார்னு குடும்பமா உட்கார்ந்து பிரிச்சுக்கங்க. மகன் ஊசி போடக் கத்துக்கலாம். பேரன் பயிற்சியை எண்ணலாம். நோயாளியும் "எல்லாம் நீயே செஞ்சு விடு"ன்னு இருக்காம, டம்ளரைத் தானா எடுத்துக் குடிக்கறதுல இருந்து ஆரம்பிக்கணும். தானா செய்யற ஒவ்வொரு சின்ன வேலையும் ஒரு பயிற்சிதான்.

இங்க சொன்னது எல்லாம் பொதுவான தகவல். உங்க உடம்புக்கு என்னங்கறதை உங்க டாக்டரும் நர்ஸும்தான் சொல்லணும். அவங்க சொன்னதும் நாங்க சொன்னதும் வேறயா இருந்தா, அவங்க சொன்னதைக் கேளுங்க. வீட்டுல யாருக்காவது ஆபரேஷன் தேதி குறிச்சிருந்தா இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க. கவனிச்சுக்கப் போறவங்களுக்கும் சேர்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.